எங்க ரத்தம் சாயத்தண்ணியா?

2025 ஆகஸ்ட் 5, காலை. மலையகத் தோட்டத்து ஆர்ப்பாட்டத்துல புடிச்ச ஒரு பெனரைப் பத்தி நான் போட்ட பதிவுக்கு பண்டாரவளை அண்ணன் ஒருத்தர் கேட்டது

"போன ஞாயித்துக்கெழம ஆர்ப்பாட்டத்துல தோட்டத்து மேனேஜர் தொரயோட போட்டோவுக்கு தூக்குக்கயிறு மாட்டி பெனர் புடிச்சாங்கன்னு நீ இந்தக் கொதி கொதிக்கிற. 77 கலவரத்துல எங்க தாத்தாவோட லயத்து வீட்டுக்கு நெருப்பு வச்சப்போ, 83ல பதுளை டவுன் எரிஞ்சப்போ, 2000ல பிந்துனுவெவயில நம்ம பொடியங்களை வெட்டிப் போட்டப்போ யாரு கொதிச்சா? இது வெறும் படம். படத்துக்கு இவ்வளவு கோவமா? அவங்க ரத்தம் ரத்தம், எங்க ரத்தம் சாயத்தண்ணியா?"

ஆகஸ்ட் 5, ராத்திரி

அண்ணே, அந்த பெனரை நான் ரோட்டுல பாக்கல. அதுக்கு ரெண்டு நாள் முந்தியே பாத்துட்டேன். ஹட்டன்ல ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில டிசைன் வேல எனக்கு, 2012லேருந்து இதே வேலதான். ரெண்டு பொடியங்க கொப்பித் தாள் ஒண்ணைக் கிழிச்சு அதுல கீறிக்கிட்டு வந்தாங்க, ஆறுக்கு நாலு அடி, நடுவுல தொரயோட முகம், கழுத்துல கயிறு, கீழ ரத்தம். முகத்தை எடுத்துருவோம் தம்பி, சம்பளம், லயத்துக் கூரை, மலசலகூடம் எல்லாத்தையும் பெருசா போட்டுத் தாறேன்னு சொன்னேன். அதுல ஒருத்தன் சொன்னான், "கோரிக்கைய யாரு அக்கா படிப்பாங்க, கயித்தைத்தான் போட்டோ எடுப்பாங்க."

அவன் சொன்னது பொய்யில்ல. ஞாயித்துக்கெழம பேஸ்புக் பூரா கயிறுதான் ஓடுச்சு. நான் முடியாதுன்னதால வேற டவுனுல அடிச்சிட்டு வந்துட்டாங்க.

நான் கொதிச்சது அந்தப் பொடியங்க மேல இல்லண்ணே. இதே கயித்தை 2022ல நானே கீறி நானே அடிச்சுக் குடுத்தேன், அதுதான் எனக்குப் பொறுக்கல.

ஆகஸ்ட் 6, மதியம் சாப்பாட்டு நேரம்

ராத்திரி ஒண்ணு எழுதாம விட்டேன். ரத்தத்துக்கு கலர் எப்படி வைக்கிறதுன்னு. மெஜென்டா 100, மஞ்சள் 100, கருப்பு 30. எனக்கு மனப்பாடம். கருப்பு கூடிச்சுன்னா காஞ்ச ரத்தம் மாதிரி ஆயிரும், கேக்குறவங்களுக்கு பச்ச ரத்தந்தான் வேணும். பதிமூணு வருசத்துல "அக்கா கொஞ்சம் ரத்தம் போடுங்க"ன்னு கேக்காத கட்சி இல்ல, கேக்காத சங்கம் இல்ல. சிங்கள ஆளுங்க வந்தாலும் "நங்கி, லே டிகக் தான்ன"ம்பாங்க. ரெண்டு பாஷையிலயும் ஒரே ரத்தந்தான் எடுத்து ஒட்டுவேன், பைல் ஒண்ணுதான்.

அந்த பைலுக்கு நான் வச்ச பேரு "ரத்தம்1". ரத்தம்2ன்னு ஒண்ணு தேவையே படல.

2016 ஜனவரியில "சிங்ஹ லே" ஸ்டிக்கர் நாடு பூரா ஓடுச்சு, ஆட்டோ, பஸ், வேன், எதை விட்டாங்க. சிங்க ரத்தம்னு அர்த்தம். கொழும்புப் பக்கம் முஸ்லிம் ஆளுங்க வீட்டு மதில்ல, கேட்டுல எல்லாம் அதை பெயிண்ட்ல அடிச்சு வச்சிருந்தாங்க. எங்க கடைக்கும் ஓடர் வந்துச்சு. மொதலாளி வாங்கிட்டாரு, நான் வெட்டிக் குடுத்தேன். ரோல் ரோலா வெட்டினேன். அன்னைக்கு எனக்கு கோவம் வந்துச்சான்னு ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். வரல. அது என்னைப் பத்தின ஸ்டிக்கர் இல்லன்னு இருந்துட்டேன்.

ஆகஸ்ட் 6, ராத்திரி

பூண்டுலோயா தங்கச்சி கேட்டிருக்கா, படம் ஆளைக் கொல்லுமா அக்கான்னு.

படம் கொல்லாது. ஆனா கொல்லப் போறவனுக்கு முன்னாடி நடந்து போகும். பிந்துனுவெவயையே எடுத்துக்க. 2000 அக்டோபர் 25 காலையில புனர்வாழ்வு முகாமுக்குள்ள கும்பல் பூந்துச்சு, உள்ள இருந்தது எல்லாம் தமிழ்ப் பொடியங்க, 25 பேருக்கும் மேல செத்தாங்க, பொலிஸ் துவக்கோட சுத்தி நின்னுக்கிட்டு இருந்துச்சு. கும்பல் வாறதுக்கு முன்னாடி போஸ்டர் வந்திருந்துச்சு, முகாமை எடுன்னு அந்தப் பக்கம் பூரா ஒட்டியிருந்தாங்க. அஞ்சு பேருக்கு மேல்நீதிமன்றம் மரணதண்டனை குடுத்துச்சு, அப்பீல்ல உச்சநீதிமன்றம் விடுதலை பண்ணிருச்சு. போஸ்டர் ஒட்டுனவனை யாரு தேடினா? அதை அடிச்சுக் குடுத்தவன் என்ன மாதிரி ஒரு ஆளாத்தான் இருந்திருப்பான், சோத்தைத் தின்னுட்டு படுத்திருப்பான்.

கண்டிப் பக்கம் திகனயில நடந்தது அதுக்கும் மேல. 2018 பெப்ரவரி கடைசியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்காரரை சுத்தி நின்னு மெரட்டி, சாப்பாட்டுல மலட்டு மாத்திரை போட்டதா ஒத்துக்க வச்சு வீடியோ எடுத்தாங்க. அது மாவுக்கட்டின்னு அப்புறம் அரச பகுப்பாய்வாளரே சொன்னாரு. ஆனா வீடியோ ஓடி முடிஞ்சிருச்சு. அதே நேரத்துல தெல்தெனியவுல ரோட்டுத் தகராறுல முஸ்லிம் பொடியங்க அடிச்சு ஒரு சிங்கள லொறி டிரைவர் ஆஸ்பத்திரியில செத்துப்போனாரு. அது நெசமான சாவு, அந்தக் குடும்பத்துக்கு நெசமான துக்கம். அந்தத் துக்கத்தைத் தூக்கி இந்தப் பொய் மேல வச்சு மார்ச் 4, 5ன்னு திகனயில முஸ்லிம் ஆளுங்க கடை, வீடு, பள்ளிவாசல்னு எரிச்சாங்க. எரிஞ்ச வீட்டுக்குள்ள மாட்டி ஒரு இளந்தாரி செத்தான். 6ஆந் தேதி அவசரகாலம், 7ஆந் தேதி பேஸ்புக்கை முடக்குனாங்க. ரெண்டு வருசங் கழிச்சு 2020 மே மாசம் பேஸ்புக் கம்பனியே மன்னிப்புக் கேட்டுச்சு. கேட்டு?

அண்ணே, நீங்க பிந்துனுவெவயச் சொன்னீங்க. திகனயச் சொல்லலயே, ஏன்? உங்களைக் குத்திக் காட்ட கேக்கல. நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 7, விடியக்காலம்

தூக்கம் வரல. திகன நேரத்துல நடந்த ஒண்ணை எழுதியே ஆகணும்.

எங்க கடைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் மேல தள்ளி, ஒரு முஸ்லிம் நானாவோட கடை இருக்கு. அரிசி, பருப்பு, கருவாடு. மழைக்கு அவரு கடை வாசல்லதான் பஸ்ஸுக்கு நிப்பேன், ரெண்டு தடவ குடை குடுத்திருக்காரு. 2018 மார்ச்சுல திகன எரிஞ்சு ஒரு வாரம் இருக்கும், சாயந்தரம் கடை அடைக்கிற நேரமாப் பாத்து வந்தாரு. கையில அவரு போர்டோட போட்டோ. அதே போர்டு, அதே அளவு, அதே எழுத்து வேணுமாம்.

"மேல உள்ள 786ஐ மட்டும் எடுத்துருங்க மக. பிறையும் வேணாம்."

எடுத்தேன். போட்டோஷொப்ல அது ரெண்டு நிமிச வேல. எடுத்த எடம் வெறுமையா தெரியுதுன்னு நான் ஒரு பூக்கொடி வச்சேன், "இது நல்லாருக்கு"ன்னாரு. சல்லியை எண்ணி வச்சாரு, நான் வாங்கி லாச்சியில போட்டேன். திகனயில உங்க சொந்தக்காரங்க இருக்காங்களா நானான்னு ஒரு வார்த்த கேக்கல. எனக்குத் தெரியும், அவரு தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்காரு. தெரிஞ்சுக்கிட்டே கேக்கல.

அந்த மார்ச் மாசம் பூரா எங்க டவுனுலேருந்து ஒருத்தரும் திகனக்காக ஒரு பெனர் ஓடர் பண்ணல. தமிழ் சங்கம், சிங்கள சங்கம், கோயில், சேர்ச், யாருமே. நேத்து போல்டரைத் தெறந்து தேடிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். அந்த மாசத்து போல்டர்ல பூப்புனித நீராட்டு விழா இருக்கு, கிரிக்கெட் மேட்ச் இருக்கு, ஒரு கும்பாபிஷேகம் இருக்கு. அப்புறம் அந்த 786 எடுத்த போர்டு.

ஆகஸ்ட் 7, ராத்திரி

பண்டாரவளை அண்ணன் பதில் எழுதியிருக்காரு: "திகன நேரம் நாங்களும் பயந்துபோய்த்தான் இருந்தோம். தமிழன் வாயைத் தெறந்தா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்."

இது சரி. இதை நான் யோசிக்காம எழுதிட்டேன். கண்டியில தலதா மாளிகைங்குற புத்த கோயில்ல 97ல குண்டு வெடிச்சப்போ நான் சின்னப் புள்ள, அப்பா கண்டியில ஒரு கடையில சரக்குத் தூக்குற வேல. ரெண்டு நாளா ஆளு வரல. வந்தப்போ அழுக்குச் சட்டையோட, நெத்தியில திருநீறு இல்லாம வந்தாரு. யாரு செத்தாங்க, எத்தனை பேருன்னு எங்க வீட்டுல யாரும் கேக்கல, கும்புடப் போன சனம் செத்துருக்கு, கேக்கல. அப்பா வந்துட்டாருன்னு அம்மா வாசல்ல தண்ணி தெளிச்சாங்க, அவ்வளவுதான். அது கல் மனசுன்னு சொல்ல மாட்டேன். அடி விழப்போறது நம்ம மேலயா இல்லையான்னு பாத்து முடிக்கிற வரைக்கும் மத்தவங்க சாவு கண்ணுல தெரியாது.

அப்படின்னா வாய மூடிக்கிட்டு இருந்ததுல ரெண்டு வகை இருக்கு. பயந்து மூடுனது ஒண்ணு. எனக்கென்னன்னு மூடுனது ஒண்ணு. நானா முன்னாடி நான் மூடுனது எந்த வகை? அந்தக் கடையில அன்னைக்கு நானும் அவரும் மட்டுந்தான் இருந்தோம், பயப்படறதுக்கு அங்க ஆளே இல்ல.

ஆகஸ்ட் 8

திருத்தம். தலதா மாளிகை குண்டு 97 இல்ல, 1998 ஜனவரி 25. சுதந்திரத்தோட 50ஆவது வருசக் கொண்டாட்டத்துக்கு கொஞ்ச நாள் முன்னாடி, அதனாலதான் கண்டியில வைக்க இருந்த விழாவை கொழும்புக்கு மாத்துனாங்க. சொல்லிக் குடுத்த டிக்கோயா சேருக்கு நன்றி.

ஆகஸ்ட் 9, மத்தியானம்

ஒரு தம்பி கொடும்பாவியைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். நம்ம ஆளுங்க காலங்காலமா கொடும்பாவி கட்டி எரிக்கிறவங்கதானே, கயிறு மட்டும் எப்படித் தப்பாச்சுன்னு.

நல்ல கேள்வி, எனக்கு சரியா பதில் வரல, வர்ற வரைக்கும் எழுதுறேன். எங்க அப்பாயி சொல்லும், மழை இல்லாம காஞ்சு கெடந்தா வைக்கோல்ல பொம்மை கட்டி கொடும்பாவின்னு பேரு வச்சு தெருத்தெருவா இழுத்துட்டுப் போவாங்க, பொம்பளைங்க பின்னாடியே மாரடிச்சு ஒப்பாரி வைப்பாங்க, கடைசியில கொளுத்துவாங்கன்னு. அந்தப் பாவி யாருன்னு யாருக்கும் தெரியாது, பேரு இல்ல, வீடு இல்ல. ஊர்ல எவனோ பண்ணுன பாவத்துக்கு மழை வரல, அது நானாக்கூட இருக்கலாம். அதனாலதான் எரிக்கிறவங்களே அழுவுறாங்கன்னு நெனைக்கிறேன். பெனர்ல நான் ஒட்டுறது அப்படி இல்ல, பேரோட, பதவியோட, சில நேரம் வீடு இருக்குற எடத்தோட ஒரு மனுசன்.

ஆனா இதையும் எழுதணும். 2018ல ஒரு நாளைக்கு ஆயிரம் ரூவா சம்பளம் கேட்டு மலை பூரா எறங்குனாங்களே, அப்போ நம்ம பொம்பளைங்க மந்திரி, தலைவர், கம்பனின்னு பேரு சொல்லியே பொம்மை கட்டி, நடுரோட்டுல உக்காந்து ஒப்பாரி வச்சாங்க. "ஏன் ராசா எங்களை விட்டுப் போனீங்க, ஆயிரம் ரூவா தாறேன்னு போனீங்களே"ன்னு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல, கண்ணுதான் கலங்குச்சு. அவங்க கையில வேற என்ன இருக்கு? பேப்பர் இல்ல, டிவி இல்ல. கொழுந்துக் கூடைய கவுத்துப் போட்டுட்டு ஒப்பாரி வைக்கலாம், அவ்வளவுதான் அவங்களால முடியும். அதையும் புடுங்குன்னு நான் சொல்ல வரல. அந்த நேரம் நானும் ஒரு பெனர் அடிச்சேன், எலும்புக்கூடு ஒண்ணு கூடையச் சொமந்து கொழுந்து பறிக்கிற மாதிரி. அதுக்காக இன்னைக்கும் நான் வருத்தப்படல. எலும்புக்கூடு நாங்கதான், எங்களைத்தான் கீறுனேன்.

அப்ப எங்கதான் கோடுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: எங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு காட்டுற படத்தை அடிப்பேன். அவனுக்கு என்ன நடக்கணும்னு காட்டுற படத்தை இனிமே அடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 9, ராத்திரி

மேல எழுதுன கோட்டை நானே அழிக்கணும் போல இருக்கு. டயகம புள்ளைய மறந்துட்டேன்.

2021 ஜூலை. கொழும்புல ஒரு முன்னாள் அமைச்சர் வீட்டுல வேலைக்கு இருந்த டயகமப் பொண்ணு, நெருப்புக் காயத்தோட ஆஸ்பத்திரியில செத்துப்போச்சு. மலை பூரா ஆர்ப்பாட்டம். ஒரே நாள்ல ஏழு பெனர் அடிச்சேன். அந்தப் புள்ளயோட ஸ்கூல் போட்டோ மாதிரி ஒண்ணு, வட்ஸ்அப்புல வந்தது, அதை நடுவுல வச்சு பின்னாடி நெருப்பு வச்சேன். நல்ல நெருப்பு, தேடி எடுத்த நெருப்பு. அடிச்சு காயப் போட்டிருந்தப்போ ஏதோ கல்யாணக் கார்டு எடுக்க வந்த ஒரு வயசான அம்மா கிட்டப் போய் நின்னாங்க. கொழுந்து பறிச்சுப் பறிச்சு கறுத்த வெரலு, வெரல் இடுக்குல கறை. அந்தக் கையால பெனர்ல நெருப்பு இருக்குற எடத்தை மட்டும் மறைச்சுப் பாத்தாங்க. எடுத்தாங்க. மறுபடி மறைச்சாங்க.

"மறுபடியும் எரியிறாளே ஆத்தா" அப்படின்னாங்க.

அது எங்களுக்கு நடந்ததைக் காட்டுற படம். மேல உள்ள கோட்டுப்படி அது சரி. ஆனா சரியில்ல. அந்தப் புள்ளையோட அம்மா பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல, மல்லியப்பு சந்தியில தூரத்துலேருந்து தெரியணுமேன்னுதான் நெனைச்சேன்.

இன்னொண்ணு. அந்த வீட்டுக்காரரு முஸ்லிம்ங்குறதால பேஸ்புக்குல நம்ம ஆளுங்க எழுதுனதை இப்போ திரும்பப் படிச்சாக்கூட கூசுது. அவரைத் திட்டலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். அவரு சமூகத்தைப் பூரா எதுக்குத் திட்டணும்? நம்ம தமிழ் வீடுகள்ல தோட்டத்துப் புள்ளைங்க பாத்திரம் கழுவலயா? புள்ளைய கூட்டிட்டுப் போய் விடுற புரோக்கர் யாரு, நம்ம லயத்து ஆளுதானே? புரோக்கர் மொகம் போட்டு ஒரு பெனர் அடின்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டா நம்ம பக்கத்து வீட்டுக்காரன் மொகத்தை வைக்கணும், அதான்.

ஆகஸ்ட் 10

கயிறு போட்டவங்களை ஐசிசிபிஆர் சட்டத்துல தூக்கி உள்ள போடணும்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. வேணவே வேணாம். சிவில், அரசியல் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தத்துக்காக 2007ல கொண்டாந்த சட்டம், வெறுப்பைத் தூண்டுறதைத் தடுக்குற பிரிவும் அதுல இருக்கு. 2019 மே மாசம் ஹசலகயில அதே சட்டத்தைப் போட்டு யாரைப் புடிச்சாங்க தெரியுமா? உடுத்தியிருந்த கவுன்ல கப்பல் சக்கரம் அச்சடிச்சிருந்த ஒரு முஸ்லிம் அம்மாவை. அது தர்மச்சக்கரமாம். ரெண்டு வாரத்துக்கும் மேல ரிமாண்ட். திகனயில வீட்டை எரின்னு ஆளைக் கூப்பிட்டு வீடியோ போட்டவங்க எத்தனையோ பேர் வெளியில இருக்காங்க, கவுன் போட்ட அம்மா உள்ள. அந்தச் சட்டம் பொலிஸ் கையில இருக்கு, நம்ம பொடியங்க கழுத்துக்கு வர ஒரு நாள் போதும். நான் முடியாதுன்னு சொன்னதுக்கு சட்டம் எதுக்கு, வாய் போதும்.

ஆகஸ்ட் 11, பஸ்ல

சின்னதா ஒண்ணு. ஜேவிபிங்குற இடதுசாரிக் கட்சிக்காரங்க 1971 கிளர்ச்சிக்கு முன்னாடி நடத்துன அஞ்சு வகுப்புல ஒரு வகுப்பு இந்திய விஸ்தரிப்புவாதம், அதுல தோட்டத்து சனத்தை இந்தியாவோட ஆளுங்களாத்தான் காட்டுனாங்க. எங்க பெரியப்பா இதைச் சொல்லிச் சொல்லியே செத்தாரு. 2024 நவம்பர்ல நுவரெலியா மாவட்டத்துல அதே கட்சி தலைமை தாங்குற கூட்டணியோட திசைகாட்டிச் சின்னந்தான் ஜெயிச்சுச்சு, நானும் அதுக்குத்தான் போட்டேன். காட்டுன படம் மாறாதுன்னு இல்ல. ஆனா அம்பது வருசம் ஆச்சு.

ஆகஸ்ட் 12, ராத்திரி

2022ஐப் பத்தி கேட்டுக்கிட்டே இருக்கீங்க. சொல்றேன்.

ஏப்ரல்ல பெட்ரோல் இல்ல, காஸ் இல்ல, கரண்ட் இல்ல, கடையில ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைஞ்சோம். அப்படி அலைஞ்சு கெடைச்ச டீசல்லதான் அந்த பெனரை அடிச்சேன். சிங்களப் பொடியங்களும் தமிழ்ப் பொடியங்களும் சேந்து வந்திருந்தாங்க, அது எனக்கு எவ்வளவு சந்தோசம்னு சொல்ல முடியாது, ஹட்டன்ல அப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. ஆட்சியில இருந்த ராஜபக்ச குடும்பத்துல நாலு பேர் மொகம், நாலு கயிறு. கயித்துல முறுக்கு சரியா தெரியணும்னு அரை மணி நேரம் அதுலயே உக்காந்திருந்தேன். நல்லா வந்துச்சு.

மே 9ஆந் தேதி பிரதமர் இருந்த அலரி மாளிகையிலேருந்து வந்த கும்பல் காலிமுகத்திடல்ல போராட்டம் பண்ணுன பொடியங்களை அடிச்சுது. போன்ல லைவ் பாத்து அழுதோம். சாயந்தரம் கதை திரும்புச்சு, அந்தக் கும்பலோட பஸ்ல வந்தவங்களைப் புடிச்சு பேர வாவியில தள்ளுனாங்க. கடையில எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன், வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டோம். தண்ணியில நிக்கிற ஆளைப் பாத்தா எங்க மாமா மாதிரி, ஐநூறு ரூவாக்கும் சாப்பாட்டுப் பார்சலுக்கும் கூப்பிட்டா எந்தக் கூட்டத்துக்கும் போற மனுசன் மாதிரி. அப்படித் தெரிஞ்சும் சிரிச்சேன். அப்புறந்தான் நிட்டம்புவயில ஆளுங்கட்சி எம்பி ஒருத்தரையும் அவருக்குப் பாதுகாப்புக்கு வந்த பொலிஸ்காரரையும் கும்பல் கொன்னுருச்சுன்னு செய்தி. கடையில ஒருத்தர் "வேணும்"னாரு. யாரும் மறுத்துப் பேசல. கடையில வேலை செய்யிற என்ன மாதிரி, அந்தப் பொலிஸ்காரரும் சம்பளத்துக்கு நின்னவருதானே.

அன்னைக்கு மத்தியானம் அடிபட்ட பொடியனுக்கு அழுத அதே கண்ணுதான். கொஞ்ச மணி நேரத்துல என்ன ஆச்சு அதுக்கு?

இதே மாதிரி 2021 பெப்ரவரியில மஸ்கெலியாப் பக்கம் ஓல்டன் தோட்டத்துல தொரைய அடிச்சதா சொல்லி 38 தொழிலாளிங்களை வேலைய விட்டு நிறுத்துனாங்க, கும்பலா புடிச்சு ரிமாண்ட் போட்டாங்க. அது அநியாயம், இன்னைக்கும் சொல்றேன். ஆனா தொரைய அடிச்ச வீடியோன்னு ஒண்ணு வந்தப்போ நம்ம குரூப்புல போட்ட ஹார்ட்டு எத்தனை. 2023 ஆகஸ்ட்ல மாத்தளை ரத்வத்தயில தோட்டத்து உத்தியோகத்தர் ஒரு குடும்பத்தோட வீட்டை உடைச்ச வீடியோ வந்தப்போ அதே குரூப்பு, மனுசனா இவன்னு. ரெண்டும் ஒரே எடை இல்லண்ணே, அது எனக்குத் தெரியும், ஒருத்தன் கையில தோட்டமே இருக்கு, இன்னொருத்தன் கையில கவ்வாத்துக் கத்தி. ஆனாலும் ஹார்ட்டு போட்ட கையைப் பத்தித்தான் பேசுறேன்.

ஆகஸ்ட் 13

டிக்கோயா சேர் கேட்டாரு, ரத்தம் போடாம அடிச்சு நின்ன போஸ்டர் ஏதாச்சும் இருக்கான்னு. இருக்கு சேர். வருசா வருசம் மே 11க்கு ஒரு வயசாளி வருவாரு, டெவன் தோட்டத்து சிவனு லட்சுமணனுக்கு. 1977ல தோட்டக் காணி 7,000 ஏக்கரை பிரிச்சுக் குடுக்கப் போறாங்கன்னு எதுத்து ஊர்வலம் போனப்போ பொலிஸ் சுட்டது. கருப்பு வெள்ளை, பேரு, தேதி, எடம். நான் ஒரு வருசம் ஆசைப்பட்டு துப்பாக்கி ஒண்ணும் ரத்தமும் வச்சுக் காட்டுனேன். "அதெல்லாம் வேணாம் புள்ள, பேரைக் கொஞ்சம் பெருசாக்கு"ன்னாரு. 1940 ஜனவரியில முல்லோயாவுல பொலிஸ் சுட்டுக் கொன்ன கோவிந்தனுக்கும் அப்படித்தான், பேரு, தேதி, தோட்டம். எண்பத்தஞ்சு வருசமா அந்தப் பேரு நிக்குது.

ஆகஸ்ட் 16, சனி

இன்னைக்கு கொட்டகலப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனேன், புள்ள பெரியவளாயிருச்சு. லயம். மழை கொட்டுது, தகரம் ஓட்டை. பெனர் நின்ன மறுநாளே அதைக் கழட்டிட்டுப் போயிருவாங்க, உங்களுக்குத் தெரியும், கூரைக்கு அடியில கட்டுவாங்க, ஆட்டுப் பட்டிக்கு மறைப்பாக் கட்டுவாங்க, வெறகு மூடுவாங்க. எங்க வேலையில கடைசியில உருப்படியா ஆகுறது அதுதான். உள் ரூம்ல தொட்டில் கட்டியிருந்தாங்க, ஏழு மாசக் கொழந்த. மேல பாத்தேன்.

நாலு மொகம், நாலு கயிறு. அடுப்புப் புகையில மொகமெல்லாம் கறுத்துப் போச்சு, யாருன்னே தெரியல. கயிறு தெரியுது. அந்த முறுக்கு.

படம் உள்பக்கமா இருக்கே, திருப்பிக் கட்டியிருக்கலாமேன்னு கேட்டேன். "அச்சடிச்ச பக்கத்துல மழைத்தண்ணி பட்டா சாயம் உரிஞ்சு ஒழுகும்னாங்க, அதான் இப்படி"ன்னு அந்த வீட்டு அண்ணன் சொன்னாரு. கொழந்த மல்லாக்கப் படுத்துக்கிட்டு கையைத் தூக்கி அதைப் புடிக்கப் பாக்குது. அதுக்கு வேற பாக்குறதுக்கு என்ன இருக்கு அந்த ரூம்ல.

திங்கக்கெழம கடையில வெள்ளப் பிளெக்ஸ் ஒரு துண்டு கேட்டு வாங்கி அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்தேன். "இது ஒழுகலயே தங்கச்சி, புதுசு தாங்குமா?"ன்னாரு. தாங்கும்ணே, இதே ரோல்தான்னேன்.

ஆகஸ்ட் 18, ராத்திரி

பிளெக்ஸ் அனுப்பிட்டேன். ஐலெட் அடிச்சு, கயிறு போட்டு. கயிறுன்னு எழுதவே கை ஒரு மாதிரி இருக்கு.

பொறகு நானா கடைக்குப் போனேன். ஏழு வருசம். அரிசி வாங்குற சாக்குல போனேன், கூட்டம் போற வரைக்கும் நின்னேன், அப்புறம் சொன்னேன், நானா, திகன நேரம் நீங்க போர்டு மாத்த வந்தப்போ நான் ஒரு வார்த்த கேக்கலன்னு.

அவரு கொஞ்ச நேரம் தராசைத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

"நீங்க கேக்காததுதான் அன்னைக்கு எனக்கு நிம்மதி மக. கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன். அழுதுட்டு டவுனுல நடந்து போக ஏலாது."

தங்கச்சி எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். வீட்டைத் திரும்பக் கட்டிட்டாங்களாம், மூத்த மகன் கட்டாருல. கடைப் பையனைக் கூப்பிட்டு இஞ்சி போட்டு பிளேன்டீ ஒண்ணு கொண்டாரச் சொன்னாரு. 786ஐ திருப்பிப் போட்டுத் தரவா, காசு வேணாம்னேன். வேணாம்னு தலைய ஆட்டிட்டு, பருப்பு மூட்டைக்குப் பின்னாடி கையை விட்டு பழைய தகரப் போர்டை அரைவாசி வெளிய இழுத்துக் காட்டுனாரு. சாக்கு சுத்தி வச்சிருக்காரு. ஒரு ஓரத்துல மட்டும் துரு.

"இது பிரஷ்ல எழுதினது. எங்க வாப்பா எழுதுவிச்சது. உங்க பூக்கொடி பரவால்ல, அது இருக்கட்டும்" அப்படின்னாரு.